கிலோவுக்கு என்ன அடக்கம்?

நூற்பாலை முதலாளி ஒருவர் காஸ்ட் அக்கவுண்டன்டை அறைக்குள் கூப்பிட்டு உட்காரவைத்தால், டீ வருவதற்குள் இந்தக் கேள்வி வந்துவிடும்: "கிலோவுக்கு என்ன அடக்கமுங்க?" கோவை, பல்லடம், உடுமலை வட்டாரத்து மில்களுக்கே கணக்குப் பார்த்து வாழ்க்கையை ஓட்டியவன் நான். இந்தக் கேள்விக்கு ஒரே ஓர் எண்ணைப் பதிலாகச் சொல்ல எனக்கு இன்றும் மனம் வருவதில்லை. எத்தனை கிலோ ஓட்டுகிற மாதத்துக்குச் சொல்லட்டும் என்று திருப்பிக் கேட்பேன். "அதெல்லாம் எதுக்குங்க, ஒரு ரேட்டைச் சொல்லுங்க" என்பார்கள். அந்த ஒரு ரேட்டை நம்பி ஓடக் கூடாத மில்லை ஓட்டியவர்களும் உண்டு, ஓட வேண்டிய மில்லை நிறுத்தியவர்களும் உண்டு.

ஒரு மில்லை எடுத்துக்கொள்வோம். கணக்குக்கு வசதியாக எண்களை வட்டமாக்கியிருக்கிறேன். ஆனால் ஒன்றும் ஆகாயத்திலிருந்து வந்ததல்ல. 25,000 கதிர்கள். ஓடுவது 40-ஆம் நம்பர் கோம்டு ஓசியரி நூல். ஒரு கதிர் ஒரு ஷிஃப்டில் சுமார் 120 கிராம் நூற்கும். மூன்று ஷிஃப்ட், மாதம் 28 நாள் என்றால் இரண்டரை லட்சம் கிலோ. நூல் கிலோ 300 ரூபாய்க்குப் போகிறது. கழிவுப் பஞ்சு விற்ற காசைக் கழித்துவிட்டால் ஒரு கிலோ நூலுக்குள் 210 ரூபாய்க்குப் பஞ்சு இருக்கிறது. கரண்ட் 30 ரூபாய். பேக்கிங், லாரி வாடகை, ஏஜென்ட் கமிஷன் எல்லாம் சேர்த்து 10. ஆக 250 ரூபாய், நூற்கிற ஒவ்வொரு கிலோவோடும் கூடவே போய்விடும். மிஞ்சுகிற 50 ரூபாயைத்தான் நாங்கள் காண்ட்ரிப்யூஷன் என்கிறோம். இரண்டரை லட்சம் கிலோவுக்கு அது ஒன்றேகால் கோடி.

இனி, ஒரு கிலோ நூற்காவிட்டாலும் மாதம் பிறந்தால் வந்து நிற்கிற செலவு. சம்பளம், பாங்க் வட்டி, தேய்மானம், மின்வாரியத்தின் டிமாண்ட் சார்ஜ், இன்சூரன்ஸ், ஆபீஸ். ஒரு கோடி என்று வைத்துக்கொள்வோம். லாபம் 25 லட்சம். முதலாளி கேட்ட ரேட் 250-உம் 40-உம் சேர்ந்து 290.

இந்த 40-ஐ நன்றாகப் பாருங்கள். ஒரு கோடியை இரண்டரை லட்சத்தால் வகுத்து வந்தது அது. இரண்டு லட்சம் கிலோதான் ஓடியது என்றால் 40 தானாக 50 ஆகிவிடும். அடக்கம் 300. பஞ்சு ஏறவில்லை, கூலி ஏறவில்லை, யாரும் எதையும் வீணாக்கவில்லை. இருந்தும் மேனேஜரைக் கூப்பிட்டு "போன மாசம் 290, இந்த மாசம் எப்படி 300?" என்று சத்தம் போடுகிற முதலாளிகளைப் பார்த்திருக்கிறேன்.

உற்பத்தி 10 சதவீதம் குறைந்தால் காண்ட்ரிப்யூஷனில் பன்னிரண்டரை லட்சம் போகும். ஒரு கோடி அப்படியே நிற்கும். 25 லட்சம் லாபம் பாதியாகிவிடும். 20 சதவீதம் குறைந்தால் லாபம் பூஜ்யம். பத்துக்கு ஐம்பது, இருபதுக்கு நூறு: இந்த ஐந்து மடங்குதான் ஆபரேட்டிங் லெவரேஜ். காண்ட்ரிப்யூஷனை லாபத்தால் வகுத்தால் நேரே கிடைத்துவிடும். பரீட்சையில் இத்தோடு மார்க் போட்டுவிடுவார்கள்.

நூற்பாலையில் இதைவிடக் கூர்மையான பக்கம் ஒன்று இருக்கிறது. பாடப்புத்தகம் எப்போதும் உற்பத்தி அளவு ஏறி இறங்குவதைப் பற்றியே பேசும். எங்கள் தொழிலில் உற்பத்தி அவ்வளவாக ஆடுவதில்லை. ஆடுவது பஞ்சு விலைக்கும் நூல் விலைக்கும் இடையிலுள்ள இடைவெளி. நூல் 300-லிருந்து 290-க்கு இறங்கினால் வெறும் மூன்றேகால் சதவீதச் சொச்சம். செய்தித்தாளில் ஒரு பத்திகூடத் தேறாது. ஆனால் இரண்டரை லட்சம் கிலோவுக்கு அது 25 லட்சம். முழு லாபமும் போயிற்று. அதே 10 ரூபாய் ஏறினால் லாபம் இரட்டிப்பு. 2021-இல் நடந்தது இதுதான். நூல் விலை வாரத்துக்கு வாரம் ஏற, லாபம் எல்லோருக்கும் பல மடங்கானது. தங்கள் சாமர்த்தியத்தால் வந்தது என்றே பலரும் நினைத்தார்கள். கூடுதல் கதிர்களுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். மெஷின் கைக்கு வர ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டிய நிலை. 2022 மே மாதம் 356 கிலோ கொண்ட ஒரு கேண்டி பஞ்சு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. பிறகு பஞ்சும் சரிந்தது, நூல் அதைவிட வேகமாகச் சரிந்தது. ஆர்டர் கொடுத்த மெஷின்கள் அந்தச் சரிவுக்குள்தான் வந்து இறங்கின, தவணையோடு.

நிலைச் செலவு எது, மாறும் செலவு எது என்று பிரிப்பது புத்தகத்தில் அரைப் பக்கம். மில்லில் அது தனி வேலை. கரண்ட் பில்லையே எடுத்துக்கொள்ளுங்கள். உயர் அழுத்த இணைப்புக்கு வரும் பில்லில் இரண்டு பகுதி உண்டு. ஓடின யூனிட்டுக்கு ஒரு காசு. வாங்கி வைத்திருக்கிற டிமாண்டுக்கு ஒரு காசு. நம் மில்லுக்கு 2,000 கே.வி.ஏ. என்றால், பதிவான டிமாண்ட் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அதில் 90 சதவீதத்துக்கு, அதாவது 1,800-க்கு, கட்டியாக வேண்டும். 2022 செப்டம்பரில் கட்டணம் உயர்ந்தபோது எல்லோரும் யூனிட் விலையைத்தான் பேசினார்கள். அது 6 ரூபாய் 35 காசிலிருந்து 6 ரூபாய் 75 காசு ஆனது; 6 சதவீதம். டிமாண்ட் சார்ஜ் கே.வி.ஏ.வுக்கு 350-லிருந்து 550 ஆனது, 57 சதவீதம். நம் மில்லுக்கு யூனிட்டால் ஏறுவது மாதம் சுமார் நாலரை லட்சம், டிமாண்டால் ஏறுவது 3 லட்சத்து 60 ஆயிரம். தொகையில் யூனிட்டே பெரியது. ஆனால் பாதி மில்லை நிறுத்தினால் அந்த நாலரை லட்சம் பாதியாகும். 3 லட்சத்து 60 ஆயிரம் அசையாது. கட்டணம் ஏறியதோடு, செலவின் குணமும் மாறிப்போயிற்று. மந்தமான மாதத்தில் இந்த இரண்டாவது மாற்றம்தான் கடிக்கும். 2020 ஊரடங்கில் கதிர் ஒன்றும் சுற்றாத மாதங்களுக்கும் டிமாண்ட் சார்ஜ் கேட்டு பில் வந்ததும், அது சென்னை உயர் நீதிமன்றம் வரை போனதும் இந்த வட்டாரத்துக்காரர்களுக்கு நினைவிருக்கும்.

சரி, யூனிட் காசாவது முழுக்க மாறும் செலவா என்றால் அதுவும் இல்லை. இதைக் கண்டுபிடிக்க எனக்குக் கம்ப்யூட்டர் தேவைப்பட்டதில்லை. கிராஃப் தாளில் குறுக்கே உற்பத்திக் கிலோ, நெடுக்கே யூனிட். பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு புள்ளி. நடுவே ஸ்கேல் வைத்து ஒரு கோடு. அந்தக் கோடு கீழ் மூலைக்கு வந்து சேராது. உற்பத்தி பூஜ்யம் என்கிற இடத்திலும் இரண்டு லட்சம் யூனிட்டுக்குப் பக்கத்தில் நிற்கும். ஒரு மில்லில் இந்தத் தாளை எலக்ட்ரிகல் சூப்பர்வைசரிடம் காட்டினேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. "மெஷின் பாதி நின்னாலும் ஹ்யூமிடிஃபிகேஷன் பிளான்ட் ஓடோணுங்க சார். கம்ப்ரஸரும் அப்படித்தானுங்க. இல்லாட்டி ஓடற பாதியிலயும் நூல் அந்து அந்து போகுமுங்க." அவருக்குத் தெரிந்த இந்த விஷயம் ஆபீஸ் கணக்கில் ஏறவில்லை. 'மின்சாரம்' என்று ஒரே தலைப்பு போட்டு, முழுவதையும் கிலோவால் வகுத்து வைத்திருந்தார்கள்.

உச்ச மாதத்தையும் குறைந்த மாதத்தையும் மட்டும் எடுத்துக் கழித்து வகுக்கிற முறை ஒன்று புத்தகத்தில் உண்டு. மில்லுக்கு அது உதவாது. குறைந்த மாதம் பெரும்பாலும் தீபாவளி மாதம். ஆட்கள் ஊருக்குப் போய், மெஷினைப் பிரித்துச் சுத்தம் பண்ணி, மறுபடி ஓட்டி நிதானத்துக்குக் கொண்டுவருகிற மாதம். அதன் செலவு வேறு எந்த மாதத்துக்கும் சாட்சி சொல்லாது. அந்தப் புள்ளியைத் தள்ளிவிட்டுத்தான் கோடு போட வேண்டும்.

கூலியில் சிக்கல் இன்னும் அதிகம். பழைய கோவை மில்களில் நிரந்தரத் தொழிலாளர், சங்கம், ஒப்பந்தம். அது நிலைச் செலவு என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. இப்போது பீகார், ஒடிசாவிலிருந்து வருகிறவர்கள் ஹாஸ்டலில் தங்கி நாள் கூலிக்கு ஓட்டுகிறார்கள். நாள் கூலி என்பதால் மாறும் செலவு என்று எழுதிவிடுகிறார்கள். பதினைந்து நாள் மில்லை நிறுத்திப் பாருங்கள். சாப்பாடு போட்டு, பாதிக் கூலியாவது கொடுக்காவிட்டால் ரயில் ஏறிவிடுவார்கள். திரும்ப அழைத்துவர ஏஜென்டுக்கு, டிக்கெட்டுக்கு, பழக்குவதற்கு என்று செலவு. அதனால் முதலாளி அவர்களை அனுப்புவதில்லை. வவுச்சரில் நாள் கூலி. நடப்பில் மாதச் சம்பளம். மூன்று வருஷம் வேலை செய்தால் கடைசியில் மொத்தத் தொகை என்று இளம்பெண்களை எடுத்த திட்டம் ஒன்று இங்கே நடந்ததே, அதிலும் கணக்கு கோணல்தான். கொடுக்கிற அன்றைக்குத்தான் செலவு என்று எழுதிய மில்கள் உண்டு. அந்தப் பெண் கதிர்கள் சுற்றுகிற ரிங் பிரேமுக்கு முன்னால் நின்ற ஒவ்வொரு மாதமும் அந்தத் தொகையில் முப்பத்தாறில் ஒரு பங்கு கடனாகச் சேர்ந்துகொண்டிருந்தது. இடையில் அனுப்பிவிட்டால் மிச்சம் என்று நினைத்தவர்கள் கணக்கில் மட்டுமா தவறினார்கள்?

காற்றாலைகளையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். ஆரல்வாய்மொழியிலும் உடுமலை, பல்லடம் பக்கத்திலும் நிற்கிற காற்றாலைகளில் கணிசமானவை மில்காரர்களுடையவை. வருமான வரியில் கிடைத்த விரைவுத் தேய்மானச் சலுகையைப் பார்த்து வாங்கியவர்கள் அதிகம். வரி மிச்சமானது நிஜம். ஆனால் நடந்தது என்ன? யூனிட்டுக்கு இவ்வளவு என்று மின்வாரியத்துக்குக் கட்டிவந்த மாறும் செலவு, பாங்க் தவணை என்கிற நிலைச் செலவாக மாறியது. மில் முழு மூச்சாக ஓடுகிறவரை அது நல்ல மாற்றம். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று நூற்கும் கிலோவை மலிவாக்கும். நூல் விற்காமல் மில்லைப் பாதியாக ஓட்டும்போது, முன்பு பாதியாகக் குறைந்திருக்கக்கூடிய கரண்ட் செலவு, இப்போது குறையாது. தவணைத் தேதி காற்றையும் பார்க்காது, நூல் சந்தையையும் பார்க்காது. காற்றாலை வாங்காதீர்கள் என்று நான் சொன்னதில்லை. மில்லுக்கு மெஷின் வாங்கிய கடன் பாதியாவது அடைந்த பிறகு வாங்குங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படி நிலைச் செலவைக் கூட்டிக்கொள்வதற்கு நேர் எதிர் திருப்பூர். நிட்டிங், சாயம், காம்பாக்டிங், பிரின்டிங், தையல் எல்லாவற்றையும் ஜாப் ஒர்க்குக்குக் கொடுத்துவிட்டு, ஓர் ஆபீசும் நாலைந்து மெர்ச்சன்டைசர்களும் மட்டும் வைத்து ஏற்றுமதி செய்கிறவர்கள் உண்டு. ஆர்டர் இல்லாத மாதம் அவர்களுக்குச் செலவும் இல்லை. லெவரேஜ் குறைவு, தூக்கம் நிறைவு. விலை என்னவென்றால், நல்ல காலத்திலும் லாபம் அளவாகத்தான் இருக்கும்; தவிர, வேலை செய்துகொடுக்கிறவன் கதவைச் சாத்தினால் கையில் ஒன்றும் இல்லை. 2011 ஜனவரியில் நொய்யல் மாசு வழக்கில் சாயப்பட்டறைகளை மூடச்சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது இது எல்லோருக்கும் தெரிந்துபோனது. துணியை வெளியூருக்கு அனுப்பிச் சாயம் ஏற்றி வரவேண்டியதாயிற்று. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடக் கூடாது என்ற பிறகு சாயப்பட்டறைத் தொழிலே ஆர்.ஓ.வும் எவாப்பரேட்டரும் கடனுமாக நிலைச் செலவுத் தொழிலாகிவிட்டது.

எந்த நம்பர் நூல் ஓட்டுவது என்பது மில்லில் வாரந்தோறும் வருகிற கேள்வி. இங்கேயும் 'கிலோவுக்கு' என்ற பேச்சு ஆளைக் கவிழ்க்கும். 60-ஆம் நம்பரில் கிலோவுக்கு 75 ரூபாய் காண்ட்ரிப்யூஷன், 40-இல் 50, 30-இல் 40 என்று வைத்துக்கொண்டால், 60 ஓட்டலாம் என்றுதான் யாரும் சொல்வார்கள். ஆனால் மில்லில் தட்டுப்பாடு கிலோவுக்கு அல்ல, கதிருக்கு. 60-ஆம் நம்பர் மெல்லிய நூல் என்பதால் ஒரு கதிர் ஒரு ஷிஃப்டுக்கு 70 கிராம்தான் தரும். அப்படியானால் ஒரு கதிர் ஒரு ஷிஃப்டில் சம்பாதிப்பது 5 ரூபாய் 25 காசு. 40-இல் 120 கிராம், 6 ரூபாய். 30-இல் 170 கிராம், 6 ரூபாய் 80 காசு. வரிசை தலைகீழாகிவிட்டது. உடனே எல்லாக் கதிரிலும் 30 போட்டுவிடலாமா என்றால், கதிருக்கு முந்தின கட்டத்தில் ஓடுகிற கார்டிங்கும் கோம்பரும் சிம்ப்ளெக்சும் அவ்வளவு கிலோவுக்கு ஈடுகொடுக்காது. ரிங் பிரேம் பட்டினி கிடக்கும். ஸ்பின்னிங் மாஸ்டரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டுதான் இந்தக் கணக்கைப் போட வேண்டும். கதிர்-ஷிஃப்டுக்கு எவ்வளவு என்று பேசத் தெரிந்த முதலாளி கிடைத்தால் அந்த மில்லில் வேலை பார்ப்பது சுகம்.

2008 நவம்பரில் தொழிற்சாலைகளுக்கு 40 சதவீத மின்வெட்டு வந்த காலத்தில், ஜெனரேட்டரில் ஓட்டலாமா வேண்டாமா என்று எல்லா மில்லிலும் வாக்குவாதம். நம் எண்களிலேயே போட்டுப் பாருங்கள். டீசலில் ஓட்டினால் கிலோவுக்கு 30 ரூபாய் கூடுகிறது. அடக்கம் 320, விற்பது 300. 'ஒரு ரேட்' கணக்குப்படி இது பைத்தியக்காரத்தனம். ஆனால் அந்த 320-இல் 40 ரூபாய், மெஷினை நிறுத்தினாலும் போகிற காசு. நிஜத்தில் கூடச் செலவாவது 280. கிலோவுக்கு 20 ரூபாய் மிஞ்சும். ஓட்டலாம். அதைவிட, ஓட்டத்தான் வேண்டும்.

2023 ஜூலையில் சிறு, நடுத்தர நூற்பாலைகள் 15-ஆம் தேதி முதல் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபோதும் இதே கேள்வி வேறு உருவத்தில் வந்தது. கிலோவுக்கு 15 ரூபாய் நஷ்டம் என்றால், நம் மில்லில் அது நூல் 275 ரூபாய்க்கு விற்கிற நிலை. ஓட்டினால் காண்ட்ரிப்யூஷன் 62 லட்சத்து 50 ஆயிரம், மாத நஷ்டம் 37 லட்சத்து 50 ஆயிரம். முழுசாக நிறுத்தினால் நஷ்டம் ஏறக்குறைய ஒரு கோடி. தனி மில்லின் கணக்குப்படி நிறுத்துவது தவறு. ஆனால் எல்லா மில்லும் இதே கணக்கைப் போட்டு ஓட்டிக்கொண்டே இருந்தால் நூல் குவியும், விலை இன்னும் இறங்கும். அதனால்தான் சங்கம் கூடி நிறுத்தப் பார்த்தார்கள். அந்த ஒற்றுமை நீடிப்பது கஷ்டம். நிலைச் செலவு அதிகமுள்ளவன்தான் முதலில் திருட்டுத்தனமாக ஷிஃப்டைத் தொடங்குவான். அவனைக் குறைசொல்லியும் பயனில்லை. பாங்க் தேதி அவனுக்கு நெருங்கிக்கொண்டிருக்கும்.

இன்னொரு பக்கமும் சொல்லவேண்டும். காண்ட்ரிப்யூஷன் மிஞ்சினால் விற்கலாம் என்று கற்றுக்கொடுத்ததும், அதையே வேதமாகப் பிடித்துக்கொண்டு வருஷம் முழுக்க 275-க்கு ஆர்டர் எடுக்கிற விற்பனை மேனேஜர்களையும் நான் பார்த்திருக்கிறேன். நெருக்கடி மாதத்துக்கான கணக்கு அது. மெஷின் தேய்ந்துகொண்டே இருக்கிறது. ரிங் பிரேமில் தேய்கிற ஏப்ரானும் காட்ஸும் மாற்றாமல் தள்ளிப்போட்டால் நூலின் தரம் இறங்கி, அடுத்த வருஷம் 275-உம் கிடைக்காது.

இப்போது கதிர் கூட்டுகிற எண்ணத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாங்குக்குப் போகிற புராஜெக்ட் ரிப்போர்ட்டில் 95 சதவீத ஓட்டமும் இன்றைய நூல் விலையும்தான் போட்டிருக்கும். எல்லா ரிப்போர்ட்டிலும் அப்படித்தான். கையெழுத்துப் போடுவதற்கு முன் உங்கள் கணக்குக்காரரிடம் கூடுதலாக ஒரே ஒரு தாள் கேளுங்கள். நூல் கிலோவுக்கு 15 ரூபாய் குறைவு, உற்பத்தி 80 சதவீதம். நம் மில்லுக்கு அந்தத் தாளில் காண்ட்ரிப்யூஷன் 70 லட்சம், நிலைச் செலவு ஒரு கோடி, மாதம் 30 லட்சம் துண்டு விழும். அதில் தேய்மானத்தைக் கழித்துவிட்டு, அசல் தவணையைச் சேர்த்துக்கொண்டு, கைக்காசாக எவ்வளவு வேண்டும் என்று பாருங்கள். புதுக் கடனையும் அதன் மேல் ஏற்றுங்கள். அந்தத் தொகையை எத்தனை மாதம் வீட்டிலிருந்து கொண்டுவந்து போட முடியும் என்று குடும்பத்தோடு உட்கார்ந்து கேட்டுக்கொள்ளுங்கள். பதில் ஒரு வருஷத்துக்குக் குறைவாக வந்தால் மெஷின் ஆர்டரைத் தள்ளிப்போடுங்கள்.